வேர்க்குரு

அக்கா, முன்னால் இரண்டு சீட் காலியாக இருக்கிறது. அங்கே உட்கார்ந்துகொள்ளுங்களேன். காற்றும் நன்றாக வரும்.

இல்லை, ஆள் யாரும் வரவில்லை. பையைச் சும்மாதான் வைத்திருந்தேன். யாரும் பக்கத்தில் உட்கார்ந்துவிடக் கூடாதென்று வைத்தேன். தப்பாக நினைக்காதீர்கள். உங்களுக்காகத்தான் சொல்கிறேன்.

சரி, உட்கார்ந்தே விட்டீர்கள். அப்படியென்றால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்களுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டிருக்கிறதா?

ஓ, கன்னத்தில் இருக்கிற அந்தப் பள்ளம் அதுதானா? பருத் தழும்பு என்று நினைத்தேன். அப்பாடா. அப்படியென்றால் நீங்கள் தாராளமாக உட்காரலாம். ஒருமுறை போட்டவர்களுக்கு அநேகமாகத் திரும்ப வராது என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் என் கையைத் தொட்டுவிடாதீர்கள். எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது.

எனக்கு அம்மை இல்லை அக்கா. இன்றைக்கு வரைக்கும் இல்லை. நாளைக்கு இருக்குமா என்று தெரியாது. அதுதான் என் கஷ்டமே. வந்துவிட்டதென்றால் பாயைப் போட்டு வேப்பிலையைப் பரப்பிப் படுத்துக்கொள்ளலாம். வராதென்றால் வீட்டுக்குப் போகலாம். இரண்டும் இல்லாமல், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாள் இருப்பது?

நான் எம்.எஸ்ஸி. விலங்கியல். எங்கள் பாடப் புத்தகத்தில் இதற்கு நோயரும்பு காலம் என்று போட்டிருப்பார்கள். கிருமி உள்ளே வந்ததற்கும் வெளியே தெரிவதற்கும் நடுவில் இருக்கிற நாட்கள். தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி. மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறேன். அப்போது அந்தப் பெயர் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நினைத்தேன்.

எங்கள் வீடு கோவில்பட்டியில். தீப்பெட்டி ஆபீஸுக்குப் பின்னால் இருக்கிற தெரு. அப்பா இல்லை. அம்மா, நான், தங்கச்சி செண்பகம். செண்பகத்துக்குக் கல்யாணமாகி எட்டயபுரத்தில் இருக்கிறாள். ஆமாம், எனக்கு முன்னாலேயே. அவளை அவர்களே வந்து கேட்டார்கள். என்னைக் கேட்டு வந்தவர்கள் எல்லாம் காபி குடித்துவிட்டு, "பொண்ணு பேசவே மாட்டேங்குதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அதனால் ஒன்றுமில்லை. எனக்கு அதில் வருத்தமே இல்லை. இதை நான் சொன்னால்தான் யாரும் நம்புவதில்லை.

நான் சாயங்காலம் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். ஏழெட்டுப் பிள்ளைகள். அதில் மிருதுளா என்று ஒரு குட்டி, இரண்டாம் வகுப்பு. அவள் அம்மா வேலைக்குப் போய்விடுகிறார், அதனால் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். தலை கலைந்து, ரிப்பன் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு. எங்கள் அம்மாவுக்கு அதைப் பார்த்தால் பொறுக்காது. பிடித்து மடியில் உட்காரவைத்துத் தினமும் இரட்டைச் சடை பின்னிவிடுவாள். "என்னட்டி இது, தலையா தேங்காய் நாரா" என்பாள். அது சிரிக்கும். அப்புறம் என்னிடம் வந்து என் தோளில் சாய்ந்துகொண்டுதான் வாய்ப்பாடு சொல்லும். தோளில் சாயாவிட்டால் அதற்கு ஏழாம் வாய்ப்பாடு வராது.

ஒரு நாள் அந்தக் குட்டி கொஞ்சம் சோர்வாக இருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், லேசாகச் சூடு. வெயிலில் விளையாடியிருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாள் வரவில்லை. கடைக்குப் போகிற வழியில் அவர்கள் வீட்டைப் பார்த்தேன். நிலையில் இரண்டு பக்கமும் வேப்பிலை செருகியிருந்தது.

எனக்கு அந்த இடத்திலேயே செண்பகத்தின் நினைப்புதான் வந்தது அக்கா. அவளுக்கு ஏழாம் மாதம். ஏற்கெனவே இரண்டு தடவை கலைந்துபோய் இது மூன்றாவது. இரண்டாவது தடவை நான்தான் ஆஸ்பத்திரியில் அவளோடு இருந்தேன். அவள் அழவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "அக்கா, ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வை" என்று மட்டும் சொன்னாள். இன்னும் எனக்கு அந்த ஃபேன் சத்தம் கேட்கிறது. இந்தத் தடவை வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. வளைகாப்பு முடிந்ததும் அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். நான் இருக்கிற வீட்டுக்கு.

அன்றைக்கே ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். தனியாக. நான் தனியாக டாக்டரிடம் போனது அதுதான் முதல் தடவை. வாசலில் அரை மணி நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன். அவர் பொறுமையாகச் சொன்னார். "உள்ள போயிருந்தா ரெண்டு வாரம் வரைக்கும் ஒண்ணும் தெரியாதும்மா. சில பேருக்கு மூணு வாரம்கூட ஆகும். கொப்புளம் வர்றதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே அடுத்தவங்களுக்குத் தொத்தும். அதுதான் இதுல சிக்கல்." கர்ப்பிணிக்குத் தொற்றினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "வரவிடாம பார்த்துக்கிறது நல்லது. அப்படித் தொடர்பு ஏற்பட்டுட்டா ஒரு நாள்கூடத் தாமதிக்காம கூட்டிட்டு வாங்க. ஊசி இருக்கு. தள்ளிப்போட்டா அது பிரயோஜனப்படாது" என்றார். அவளுக்குச் சின்ன வயதில் போட்டிருக்கிறதா என்றார். இல்லை. எனக்கும் இல்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை.

அது அம்மாவுக்குப் பெரிய பெருமை. "எங்க தெருவுல வீட்டுக்கு வீடு அவ இறங்கியிருக்கா, என்னை மட்டும் ஒரு முத்துகூடப் போட்டதில்லை. வருஷம் தவறாம தீச்சட்டி எடுக்கிறேன்ல, அந்த இரக்கம்" என்பாள். அதைத் தெருவில் எல்லோரிடமும் சொல்வாள். இந்த மாதிரி நம்பிக்கை உள்ளவளிடம் நான் என்ன சொல்லிப் புரியவைப்பது?

சொன்னேன். அடுக்களையில் வைத்துச் சொன்னேன். "அம்மா, அந்தப் பிள்ளைக்கு அம்மை. எனக்குத் தொத்தியிருக்கலாம். வளைகாப்பைத் தள்ளி வைக்கச் சொல்லலாம்." முடிக்கவே இல்லை. அம்மா கரண்டியோடு வந்து என் வாயைப் பொத்தினாள்.

"ஏட்டி பிரமு, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? வராதவளை ஏன் வா வான்னு கூப்பிடுத? அந்தப் பேரை இந்த வீட்டுக்குள்ள எடுக்காதே. சுபகாரியம் வச்சிருக்கு."

என் பெயர் பிரமசக்தி. அம்மா பிரமு என்பாள்.

"கூப்பிடவில்லை அம்மா, ஒருவேளை…"

"ஒருவேளையும் இல்ல, ரெண்டு வேளையும் இல்ல. உன் உடம்புல ஏதாச்சும் இருக்கா? காட்டு. எங்க இருக்கு? ஒண்ணும் இல்லைல்ல? அப்புறம் எதைச் சொல்லிச் சம்பந்திகிட்ட நாளைத் தள்ளச் சொல்லுவேன்? இல்லாததையா?"

அவள் கேட்டது நியாயம்தானே. இல்லாததை எப்படிக் காட்டுவது? அம்மா அன்று ராத்திரியே மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள். எனக்காக இல்லை, வாய்தவறிச் சொல்லிவிட்டேனே, அந்தக் குற்றத்துக்காக.

செண்பகத்துக்கு நேராகவே ஃபோன் செய்தேன். ஃபோனில் என்றால் எனக்குக் கொஞ்சம் பேச வரும். "செண்பகம், நான் வளைகாப்புக்கு வராமல் இருந்தால் கோபப்படுவியா" என்று ஆரம்பித்தேன். அது தப்பு. அம்மையை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்திருக்கிறாள். அவள் மாமியார் குரல் கேட்டது. "யாரு, உங்க அக்காளா? ஏன், வந்தா என்னவாம்? பெரியவளுக்கு மனசு இல்லைன்னா விட்டுரு, ஏன் கட்டாயப்படுத்துத? இருக்கத்தானே செய்யும், பாவம்."

அந்தப் பாவம் என்கிற வார்த்தை இருக்கிறதே. செண்பகம் "அக்கா? அக்கா?" என்று கேட்டாள். "ஒன்றும் இல்லை, வருகிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் வாட்ஸப்பில் விவரமாக எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் அவளைப் பயமுறுத்துகிற மாதிரியே இருந்தது. ராத்திரி தூங்கமாட்டாளே என்று அழித்துவிட்டேன். அவள் பயந்துவிடக் கூடாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். இல்லை, அவர் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து இரண்டு வாரமாக என் உடம்பையே காவல் காத்தேன். காலையில் எழுந்தால் தெர்மாமீட்டர். குளிக்கும்போது கை, கால், கழுத்து. முதுகுக்கு இரண்டு கண்ணாடி. கொசு கடித்தால்கூட பேனாவால் வட்டம் போட்டு வைத்து, பெரிதாகிறதா என்று பார்ப்பேன். டியூஷனை நிறுத்திவிட்டேன். தனித் தட்டு, தனி டம்ளர். அம்மா திட்டிக்கொண்டே இருந்தாள். "கொப்புளம் இல்லாம தீட்டுக் காக்கிறவளை இன்னைக்குத்தான் பார்க்கேன்" என்றாள். திட்டினாலும் பலகாரம் சுடுவது முழுக்க அவள் ஒருத்திதான். என்னை எதையும் தொடவிடாதே என்று நான்தான் சொல்லியிருந்தேன். முறுக்கு, அதிரசம், ஏழு வகைக் கலந்த சாதம். அத்தனையும் அவள் கையாலேயே. பாவம், மூன்று நாள் அடுப்படியிலேயே நின்றாள். வளைகாப்புக்கு முந்தின நாள் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது என்று சுக்குக் காபி போட்டுக் குடித்தாள். சாப்பிடவும் இல்லை. இந்த வயதில் அவ்வளவு வேலை செய்தால் யாருக்குத்தான் வலிக்காது? எல்லாம் என்னால்தான் என்று எனக்கு அது வேறு குற்ற உணர்ச்சி.

முந்தாநாள்தான் வளைகாப்பு.

போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. போய்ப் பந்தலுக்கு வெளியே, தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றுகொண்டேன். செண்பகம் பச்சைப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். முகம் கொஞ்சம் பூரித்து, மூக்கு வியர்த்து, அவ்வளவு அழகாக இருந்தாள். முதலில் வேப்பங்குச்சியை வளைத்துக் காப்பு மாதிரி போடுவார்கள். அம்மாதான் போட்டாள். போட்டுவிட்டு, சந்தனத்தை எடுத்து இரண்டு கன்னத்திலும் தடவி, அவள் முகத்தைத் தன் முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். ஃபோட்டோக்காரர், "அம்மா, இப்படியே இருங்க, அசையாதீங்க" என்று நாலைந்து படம் எடுத்தார். நான் அதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். நானும் அப்படிப் பிடித்துக்கொள்ள முடியவில்லையே என்று இருந்தது. அவளாவது பிடித்துக்கொள்கிறாளே என்றும் இருந்தது.

வரிசையாக ஒவ்வொருவராகப் போய் வளையல் போட்டார்கள். மாமியார் சத்தமாகக் கேட்டார், "எங்க, கூடப்பிறந்தவளைக் காணோம்? தண்ணி டிரம்முக்கா காவல்?" எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையை ஆட்டினேன். அது வருகிறேன் என்ற மாதிரியும் இருந்திருக்கும், வரவில்லை என்ற மாதிரியும் இருந்திருக்கும்.

அப்போது செண்பகமே எழுந்து வந்துவிட்டாள் அக்கா. மணையில் உட்கார்ந்தவள் நடுவில் எழுந்திருக்கக் கூடாது. எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நேராக என்னிடம் வந்தாள். கையில் ஒரு வளையல். சிவப்பும் பச்சையும் கலந்தது. சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போது திருவிழாவில் நான் அவளுக்கு எடுத்துக்கொடுக்கிற மாதிரியே. "நீ போடாம இது முடியாதுக்கா. ஒண்ணே ஒண்ணு" என்று கையை நீட்டினாள்.

நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"அக்கா, போடு."

"வேண்டாம் செண்பகம், நான் தொடக் கூடாது."

"ஏன் தொடக் கூடாது? நாளா உனக்கு? அதெல்லாம் பரவாயில்ல, யாருக்கும் சொல்ல மாட்டேன்."

அம்மா அவளுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். அந்தப் பேரை இங்கே எடுத்துவிடாதே என்கிற பார்வை. சுற்றிலும் அத்தனை பொம்பளைகள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. அவள் என் கையைப் பிடிக்க வந்தாள், நான் பின்னால் நகர்ந்தேன், வளையல் கீழே விழுந்தது. சிமெண்டுத் தரை.

கண்ணாடி வளையல் அக்கா. வளைகாப்பில்.

பந்தலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் மாமியார் சொன்னார், "வயிறு எரிஞ்சா வளையலா தங்கும்?" மெதுவாகத்தான் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது. செண்பகம் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்தாளே, அதே மாதிரிப் பார்த்தாள். அம்மா வந்து அவளை அணைத்துக் கூட்டிக்கொண்டு போனாள். "நீ வா தங்கம், அவ கிடக்கா" என்று கண்ணைத் துடைத்துவிட்டு, தன் கையாலேயே கலந்த சாதத்தை உருட்டி ஊட்டினாள்.

அம்மா அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. நேற்று செண்பகத்தை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். ஒரே அறை, ஒரு அடுக்களை. எங்கே ஒதுங்குவது? நேற்று முழுக்க மொட்டை மாடித் தகரத்துக்கு அடியிலேயே இருந்தேன். இன்றைக்குக் காலையில் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். விருதுநகரில் என்னோடு படித்தவள் ஒருத்தி ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள். அவளுக்குக் காலேஜில் படிக்கும்போதே அம்மை போட்டுவிட்டது. அவளோடு ஒரு வாரம் இருந்து பார்க்கலாம். அதற்குள் தெரிந்துவிடும். வரவில்லையென்றால் நேராக வீட்டுக்குப் போய்ச் செண்பகத்தின் காலைக்கூடப் பிடித்துக் கேட்பேன். வந்துவிட்டதென்றால், பார்த்தாயா, இதற்காகத்தான் என்று படம் எடுத்து அனுப்புவேன். வந்துவிட்டால்கூட நல்லதென்று சில சமயம் தோன்றுகிறது. அவள் என்னை நம்புவாள் அல்லவா?

படி இறங்கும்போது செண்பகம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "சந்தோஷமாப் போயிட்டு வாக்கா" என்றாள். அதில் குத்தல் இருந்ததா என்று கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஆனால் ஒரு நிம்மதி அக்கா. அவளை நான் ஒரு விரலால்கூடத் தொடவில்லை. ஒரே மூச்சுக்காற்றில் நிற்கவில்லை. மனது நொந்தது, வளையல் உடைந்தது, எல்லாம் சரி. ஆனால் அவள் பத்திரமாக அம்மாவிடம் இருக்கிறாள். அதைவிடப் பாதுகாப்பான இடம் உண்டா? ராத்திரி அம்மா பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறாள். கால் அமுக்கிவிடுகிறாள். நான் செய்ய வேண்டியதை எல்லாம் சேர்த்து அவள் செய்கிறாள்.

ஒரு நிமிஷம் அக்கா. ஃபோன். அம்மாதான்! இரண்டு நாளாகப் பேசாதவள்.

சொல்லும்மா. ஏறிட்டேன்மா. சாத்தூர் வரப்போகுது. இல்லம்மா, எனக்கு ஒண்ணும் இல்ல, காய்ச்சல் இல்ல. செண்பகம் எங்க? உன் மடியிலயா? சரி, எழுப்பாத, தூங்கட்டும். உன் குரல் ஏன் அப்படி இருக்கு? ம். ம். எங்க, வயித்துலயா? அரிக்குதா? சரிம்மா, அது ஒண்ணும் இல்ல. பூசிக்கோ. சரி. வச்சிர்றேன்.

பேசிவிட்டாள் அக்கா! அவளாகவே கூப்பிட்டுப் பேசிவிட்டாள். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்டாள். எனக்கு ஒன்றும் இல்லையே என்று இரண்டு தடவை கேட்டாள். என்ன இருந்தாலும் அம்மா இல்லையா?

அவளுக்கும் உடம்பு சரியில்லைதான். நேற்று ராத்திரியிலிருந்து லேசாகக் காய்ச்சலாம், அலைச்சல். வயிற்றிலும் முதுகிலும் வேர்க்குரு வேறு வெடித்திருக்கிறதாம். நுனியில் நீர் கோத்த மாதிரி ஐந்தாறு. சித்திரை வெயில், மூன்று நாள் அடுப்படி, வராமல் என்ன செய்யும்? வளைகாப்புக்கு இழைத்த சந்தனம் மிச்சம் இருக்கிறது, அதைப் பூசிக்கொள்ளச் சொன்னேன். காலையிலேயே செண்பகம் ஒருமுறை பூசிவிட்டாளாம். முதுகுக்கு அம்மாவுக்குக் கை எட்டாதே. தூங்கி எழுந்ததும் திரும்பவும் பூசிவிடுகிறேன் என்றிருக்கிறாள். நல்ல பிள்ளை அக்கா அவள்.

ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்?

சாத்தூர் வந்துவிட்டது. கண்டக்டர் கூப்பிடுகிறார் பாருங்கள். இங்கேதானே இறங்க வேண்டும் என்றீர்கள்? பஸ்ஸை எடுத்துவிடப் போகிறார். இறங்கவில்லையா?

அக்கா, கையை விடுங்கள். தொட வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேனே.